மழை நின்ன பிறகு மிளகுக் கொடி ஏன் சாகுது? வாசகர் கேள்வி, பதில்

போன இதழ்ல "மிளகு வச்சிருக்கவங்க கொடியில அழுகல் ஏதும் பாத்தா எழுதுங்க"ன்னு கடைசியில ஒரே ஒரு வரி போட்டிருந்தோம், அவ்வளவுதான். வந்த கடிதத்துலயும் வாட்ஸ்அப்லயும் முக்காவாசி ஒரே அழுகைதான், நல்லா இருந்த கொடி இருபது நாள்ல கொட்டிப்போச்சு, தூர் கறுத்துடுச்சு, வேரைப் புடுங்கினா நாத்தம். அதனால இந்தத் தடவை பக்கம் முழுக்க மிளகுக்கே. ஊரு மட்டும் போட்டிருக்கேன், பேரு வேண்டாம்னு நிறைய பேர் கேட்டுக்கிட்டாங்க.

கேள்வி (கொல்லிமலை): ஐயா, எங்க காபித் தோட்டத்துல சில்வர் ஓக் மரத்துல 60 மிளகுக் கொடி இருக்கு, பன்னியூர்-1 ரகம், வச்சு 12 வருஷம் ஆகுது. தீபாவளி வரைக்கும் கரும்பச்சையா இருந்துச்சு, சரமும் நல்லா புடிச்சிருந்துச்சு. மழை விட்டு வெயில் அடிச்சதும் மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே நேரத்துல இலை தொங்கிப்போயி, கணு கணுவா உடைஞ்சு விழுது. 8 கொடி போச்சு, எல்லாம் சரிவுல ஒரே வரிசையில மேல இருந்து கீழ. மருந்துக்கடையில கார்பென்டசிம் குடுத்தாங்க, ரெண்டு தடவை ஊத்தினேன், ஒண்ணும் கேக்கல. இப்ப 9ஆவது கொடியும் மஞ்சளாகுது. எப்படியாவது காப்பாத்த வழி சொல்லுங்க.

பதில்: தம்பி, அந்த 8 கொடியை இனிமே யாராலயும் காப்பாத்த முடியாது. அதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா நிறைய பேர் செத்த கொடிக்கு மருந்து ஊத்தியே பணத்தையும் நாளையும் விட்டுட்டு, பக்கத்துல உயிரோட இருக்குற கொடியைக் கோட்டை விட்டுடுறாங்க. உங்க கையில இன்னும் 52 இருக்கு. நம்ம பேச்சு இனி அதைப் பத்திதான்.

நீங்க சொல்ற அடையாளம் எல்லாம் துரித வாடலுக்குப் பொருந்துது, தூர் அழுகல்னும் சொல்வாங்க. பக்கத்துல கேரளாவுல துருதவாட்டம்னு சொன்னா மிளகுக்காரங்க முகமே மாறிடும். இதைச் செய்யுற கிருமி பேரு பைட்டோப்தோரா கேப்சிசி. பைட்டோப்தோரான்னா கிரேக்க மொழியில செடியை அழிக்கிறதுன்னு அர்த்தம். கேப்சிசிங்கிறது மிளகாய்ச் செடியோட பேர்ல இருந்து வந்தது, 1922ல அமெரிக்காவுல மிளகாயிலதான் இதை முதல்ல கண்டுபிடிச்சு பேரு வச்சாங்க. மிளகு மாதிரி காரமா இருக்குதேன்னு நம்மாளுங்க மிளகாய்னு பேரு வச்சோம், அந்த மிளகாய் பேரைச் சுமந்துக்கிட்டு வந்த கிருமி நம்ம மிளகையே கொல்லுது.

இப்ப கார்பென்டசிம் ஏன் கேக்கலன்னு சொல்றேன், இதுதான் ரொம்ப முக்கியம். பைட்டோப்தோரா பாக்க பூஞ்சாணம் மாதிரி இருக்கும், எல்லாரும் பூஞ்சாணம்னுதான் சொல்றோம், ஆனா உண்மையில அது பூஞ்சாண வகையே இல்ல, தண்ணியில வாழுற பாசிக்கு சொந்தக்காரன். அதோட உடம்பு அமைப்பு வேற. அதனால பூஞ்சாணத்துக்குன்னு இருக்குற கார்பென்டசிம் மாதிரி மருந்துக்கு அது அசையாது. உருளைக்கிழங்குல வருதே பின்கருகல், 1845ல அயர்லாந்துல பஞ்சத்தையே கொண்டுவந்தது, அது இதோட பங்காளி. பாக்கு மரத்துல மகாளின்னு காய் அழுகல் வருதே, அதுவும் இந்தக் குடும்பம்தான். தண்ணி இல்லாம இதால ஒண்ணும் செய்ய முடியாது. மண்ணு ஊறி நிக்கும்போது இதோட வித்து வால் முளைச்சு தண்ணியில நீந்தும், நீந்திப்போயி சல்லி வேரோட நுனியைத் தேடிப் புடிச்சு உள்ள போகும். உங்க கொடி ஏன் மேல இருந்து கீழ ஒரே வரிசையில போச்சுன்னு இப்ப புரியுதா? மழைத்தண்ணி ஓடுன பாதையிலயே நோயும் இறங்கியிருக்கு.

அடுத்தது, மழை நின்ன பிறகு ஏன் சாகுதுங்கிற சந்தேகம். மழை நேரத்துலயே சல்லி வேர் பாதி அழுகியிருக்கும், ஆனா அப்ப காத்துல ஈரம், வெயில் இல்ல, மேல இலைக்கு அதிகம் தண்ணி தேவைப்படல, இருக்குற மிச்ச வேரு சமாளிச்சுடும். வெயில் வந்ததும் இலை தண்ணி கேக்கும், குடுக்க வேர் இருக்காது. அதனால மழை விட்ட பிறகு நீங்க பாக்குற வாடல் மழைக்காலத்துலயே ஆரம்பிச்சது. தூர்ல நேரா புடிச்சா இவ்வளவு நாள் கூட தாங்காது, ஒரு மாசத்துக்குள்ள கொடி மொத்தமா சரிஞ்சுடும்.

9ஆவது கொடிக்கு வாங்க. ஒரு கத்தியை எடுத்து தூர்ப்பக்கம், மண்ணை ஒட்டி, பட்டையை லேசா சுரண்டிப் பாருங்க. உள்ள பச்சையா வெள்ளையா இருந்தா தூர் இன்னும் நல்லா இருக்கு. கறுத்து, நீர் கோத்து, வாடை அடிச்சா விட்டுடுங்க, அதையும் எடுத்துடணும். தூர் நல்லா இருந்தா, அரை அடி தள்ளி மண்ணை விரலால நோண்டி ரெண்டு சல்லி வேர் எடுங்க, விரலுக்கு நடுவுல வச்சு இழுங்க. மேல்தோல் உறை மாதிரி கழண்டு வந்து உள்ள நூல் மட்டும் நின்னா அது அழுகின வேர். கொஞ்சம் வேராவது வெள்ளையா கெட்டியா இருந்தா அந்தக் கொடிக்கு முயற்சி பண்ணலாம், பொழைக்கிற வாய்ப்பு உண்டு.

மருந்துன்னு வந்தா மூணு வழி இருக்கு, மூணுல ஒண்ணு. காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2 கிராம், அல்லது பொட்டாசியம் பாஸ்போனேட் லிட்டருக்கு 3 மில்லி, அல்லது மெட்டலாக்சில் மேன்கோசெப் சேர்ந்த மருந்து லிட்டருக்கு 1.25 கிராம். கொடியைச் சுத்தி ஒன்றரை அடி வட்டத்துல மண்ணு நனையுற மாதிரி 5 முதல் 10 லிட்டர் ஊத்தணும். ஒரு சொம்பு ஊத்திட்டு மருந்து வச்சேன்னு சொன்னா அது வேருக்கே போய்ச் சேராது. உங்க 52 கொடிக்கு கணக்குப் போட்டா குறைஞ்சது 260 லிட்டர் தண்ணி மலை மேல சுமக்கணும், எனக்கும் தெரியும் அது லேசுப்பட்ட வேலை இல்லன்னு. முடியலைன்னா செத்த கொடிக்கு சுத்தி இருக்குற ரெண்டு வரிசைக்கும், சரிவுல அதுக்குக் கீழ இருக்குற எல்லாத்துக்கும் கண்டிப்பா ஊத்துங்க, மத்ததுக்கு மே மாசம் பாத்துக்கலாம். மெட்டலாக்சிலை மட்டும் வருஷா வருஷம் அதையே ஊத்தாதீங்க, கிருமி பழகிக்கும், அப்புறம் அவசரத்துக்கு கைவசம் ஒண்ணும் இருக்காது.

செத்த கொடியை வேரோட, முடிஞ்ச வரைக்கும் சல்லி வேரையும் சேத்து தோண்டி எடுத்து, தோட்டத்துக்கு வெளிய வச்சு எரிச்சுடுங்க. கீழ கொட்டின இலையையும் கூட்டி எரிக்கணும். தயவுசெஞ்சு ஓடையில தூக்கிப் போடாதீங்க, கீழ இருக்குற தோட்டக்காரருக்கு நோயைப் பார்சல் பண்ணி அனுப்பின மாதிரி ஆயிடும். அந்தக் குழியைத் தோண்டின மண்வெட்டியை கழுவி வெயில்ல காய வச்சிட்டு அடுத்த கொடிக்குப் போங்க. இதை என் தோட்டத்துல நான் அந்தக் காலத்துல செய்யல, ஒரே மண்வெட்டியோட வரிசையா தூர் கொத்திக்கிட்டே போனாங்க ஆளுங்க, அதுவும் ஆடி மாச மழையில. அந்த வருஷம் 40 கொடி போச்சு. பன்னெண்டு வயசு, பதினஞ்சு வயசு கொடி. இப்ப நினைச்சாலும் நெஞ்சு வலிக்கும்.

அடுத்த மழைக்கு முன்னாடி செய்ய வேண்டியது இதையெல்லாம் விட பெருசு. மே மாசத்துலயே சில்வர் ஓக் கிளையை வெட்டி வெளிச்சமும் காத்தும் உள்ள வர மாதிரி பண்ணுங்க, நிழல் அடைஞ்சு ஈரம் காயாம நின்னா கிருமிக்கு அதுதான் கொண்டாட்டம். செத்த வரிசைக்கு மேல் பக்கம் குறுக்க ஒரு வாய்க்கா வெட்டி மேல இருந்து வர தண்ணியை ஓரமா திருப்பி விடுங்க. தூரைச் சுத்தி குழி மாதிரி இருந்தா மண்ணு அணைச்சு தண்ணி நிக்காம மேடாக்குங்க. தரையில படர்ந்து ஓடுற ஓடுகொடியை ஒண்ணு வெட்டி எடுங்க, இல்ல மரத்துல தூக்கிக் கட்டுங்க, மழைத்துளி மண்ணுல விழுந்து தெறிக்கும்போது முதல்ல நோய் ஏறுறது அந்த இளந்தளிர்லதான், அதுல இருந்து இலைக்கு இலை மேல போகும். இலையில நடுவுல கறுப்பு, ஓரம் நூல் பிரிஞ்ச மாதிரி சிலும்பிக்கிட்டு புள்ளி தெரிஞ்சா அது இந்த நோயேதான். மழை தொடங்கினதுக்கு அப்புறம் கொத்து வேலை, களைக்கொத்து ரெண்டுமே வேண்டாம், களையை மேலாக்க அறுத்து விட்டா போதும். வேருல ஒரு கீறல் விழுந்தாலும் கதவைத் திறந்து வச்ச மாதிரி.

கேள்வி (கூடலூர்): அண்ணே வணக்கம். துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிச்சா நோய் வராதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் ரெண்டு வருஷமா அடிக்கிறேன், ஒரு தடவை இளந்தளிர் எல்லாம் கருகிப்போச்சு, இன்னொரு தடவை கலவை திரிஞ்ச பால் மாதிரி அடியில தங்கி ஸ்ப்ரேயர் அடைச்சுக்கிச்சு. என்ன தப்பு பண்றேன்?

பதில்: தம்பி, இந்தக் கேள்வி கேட்டதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணும். போர்டோவை "அடிச்சேன்"னு சொல்றவங்க நூறு பேர் இருப்பாங்க, சரியா கலக்குறவங்க ரொம்ப கம்மி. 1885லயே பிரான்ஸ்ல மில்லார்டேங்கிறவர் இது நோயைத் தடுக்கும்னு எழுதிட்டார், அதுவும் எப்படின்னா, போர்டோ பக்கத்து திராட்சைத் தோட்டக்காரங்க ரோட்டோரம் போறவங்க பழத்தைப் பறிக்காம இருக்க துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிச்சு வச்சிருந்தாங்க, தெளிச்ச கொடியில மட்டும் நோய் இல்லாததை அவர் கவனிச்சார். அவ்வளவு பழைய மருந்து, இன்னைக்கும் மிளகுக்கு மழைக்கு முன்னாடி அடிக்க இதைவிட சல்லிசா ஒண்ணு இல்ல.

ஒரு சதவீதக் கலவைக்கு மயில் துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணி 100 லிட்டர். துத்தத்தை தூளாக்கி ஒரு துணியில கட்டி 50 லிட்டர் தண்ணியில மேலாக்க தொங்க விடுங்க, தானா கரைஞ்சு இறங்கும். இன்னொரு டிரம்ல சுண்ணாம்பை கொஞ்சம் கொஞ்சமா தண்ணி விட்டு நீத்து, பாலாக்கி, வடிகட்டி, 50 லிட்டர் ஆக்குங்க. சுண்ணாம்பு நீத்தா சூடு கிளம்பும் இல்லையா, அந்தச் சூடு முழுசா ஆறணும். நீங்க திரிஞ்சுபோச்சுன்னு சொல்றது எனக்குத் தெரிஞ்சு சூடா இருக்கும்போதே அவசரப்பட்டு கலந்ததால இருக்கும். ரெண்டும் ஆறின பிறகு துத்தத் தண்ணியை சுண்ணாம்புப் பாலுக்குள்ள மெதுவா ஊத்திக்கிட்டே ஒருத்தர் மரக்குச்சியால கலக்கிக்கிட்டே இருக்கணும். மாத்தி ஊத்தக்கூடாது. இரும்பு டிரம், தகர டின் எதுவும் கூடாது, பிளாஸ்டிக் இல்ல மண்பானை. சரியா வந்தா வானம் மாதிரி நல்ல நீலத்துல, குழைவா இருக்கும்.

இளந்தளிர் கருகினதுக்குக் காரணம் சுண்ணாம்பு பத்தல. நீங்க 1 கிலோ போட்டிருப்பீங்க, ஆனா அது என்ன சுண்ணாம்பு? கடையில ஈரத்தரையில கிடந்த மூட்டையில இருந்து அள்ளின தூள்னா அது காத்து பட்டு செத்த சுண்ணாம்பு, எவ்வளவு போட்டாலும் துத்தத்தோட வீரியத்தை அடக்காது. கல்லா இருக்குற சுட்ட சுண்ணாம்பு கேட்டு வாங்குங்க, தண்ணி பட்டதும் புகைஞ்சு கொதிக்கணும், அதுதான் உயிருள்ளது. கலந்து முடிச்சதும் துரு இல்லாத பளபளன்னு ஒரு கத்தியை உள்ள முக்கி ஒரு நிமிஷம் வச்சு எடுங்க. செம்பு நிறத்துல செவப்பா படிஞ்சிருந்தா துத்தம் தூக்கலா இருக்குன்னு அர்த்தம், இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் சேருங்க, கத்தி சுத்தமா வர்ற வரைக்கும். இந்த ஒரு சோதனையைப் பண்ணாம கலவையை கொடி மேல தெளிக்கவே கூடாதுன்னு வீட்டுல சின்னப் பசங்களுக்குக் கூட சொல்லி வைங்க.

கலந்த அன்னைக்கே அடிச்சு முடிக்கணும், மறுநாளைக்கு வச்சா வேஸ்ட். இலைக்கு அடிப்பக்கமும் படணும். கூடலூர்ல தென்மேற்கு மழை வெளுத்து வாங்கும், அதனால மே கடைசி, ஜூன் முதல்ல ரெண்டு மழை விழுந்ததும் ஒரு தடவை, ஆகஸ்ட் செப்டம்பர்ல மழை கொஞ்சம் விடுற நேரம் பாத்து இன்னொரு தடவை. மழை அக்டோபர் வரைக்கும் இழுத்தா, மூணாவது தடவை தூருக்கு மட்டும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு ஊத்துங்க. தூருக்கு போர்டோ பசை பூசுறதும் நல்லது, 1 கிலோ துத்தம் 5 லிட்டர்ல, 1 கிலோ சுண்ணாம்பு 5 லிட்டர்ல, சேத்து மண்ணுல இருந்து ஒன்றரை ரெண்டு அடி உயரத்துக்கு பிரஷ்ஷால பூசணும். கையுறை, முகத்துக்குத் துணி கட்டாம இந்த வேலையைப் பண்ண யாரையும் விடாதீங்க. டிரம்மை ஓடையில கழுவாதீங்க, செம்பு மீனுக்கு விஷம்.

கேள்வி (ஏற்காடு): டிரைக்கோடெர்மாவும் காப்பர் ஆக்ஸிகுளோரைடும் ஒண்ணா கலந்து ஊத்தலாமா? கூலி மிச்சம் ஆகுமே.

பதில்: வேண்டாங்க. டிரைக்கோடெர்மா நோய்க்கிருமியை அடக்குற உயிருள்ள நல்ல பூஞ்சாணம், செம்பு அதைக் கொன்னுடும். நீங்க காசு குடுத்து வாங்கி நீங்களே கொல்லுற மாதிரி. ரெண்டுக்கும் நடுவுல குறைஞ்சது 3 வாரம் இடைவெளி விடுங்க. டிரைக்கோடெர்மாவை தனியா தூவுறதைவிட பெருக்கிப் போடுறதுதான் லாபம்: காஞ்ச மாட்டுச்சாணத்தூள் 90 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 10 கிலோ, டிரைக்கோடெர்மா 1 கிலோ, புடிச்சா உருண்டையாகுற அளவு தண்ணி தெளிச்சு நிழல்ல குவிச்சு ஈரச்சாக்கு போட்டு மூடுங்க. நாலஞ்சு நாளைக்கு ஒரு தடவை கிளறி விட்டா ரெண்டு வாரத்துல பச்சையா பூத்து நிக்கும். அதை மழை தொடக்கத்துல கொடியைச் சுத்திப் போட்டுடுங்க.

கேள்வி (தாண்டிக்குடி): அண்ணா, எங்க கொடி ஒரேயடியா சாகல. மூணு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா மஞ்சளாகுது, வெயில் காலத்துல இலை கொட்டும், மழை வந்தா மறுபடி துளிர்க்கும், அப்புறம் மறுபடி மஞ்சள். காய்ப்பு பாதியாயிடுச்சு. உரம் கூட்டிப் போட்டும் பாத்தாச்சு. கேரளாவுல சொல்ற மாதிரி ஜூன்ல மருந்தும் ஊத்துறோம். எங்க தவறு?

பதில்: தங்கச்சி, ரெண்டு தனித்தனி விஷயம் இருக்கு இதுல. முதல்ல நோயைப் பாப்போம். இது மெது வாடல். வேரைத் தோண்டிப் பாத்தீங்களா? சல்லி வேருல சின்னச் சின்ன முடிச்சா, பாசிமணி கோத்த மாதிரி இருக்கும். அது நூற்புழு வேலை. வேர் முடிச்சு நூற்புழு ஒண்ணு, வேரைத் துளைக்கிற நூற்புழு இன்னொண்ணு, இது ரெண்டும் வேருல ஓட்டை போட்டு வச்சா அந்த வழியா பைட்டோப்தோராவும் உள்ள போயிடும். ரெண்டும் சேந்து நடத்துற கூட்டுக்கொள்ளைதான் நீங்க மூணு வருஷமா பாக்குறது. வேர் இல்லாத கொடிக்கு உரத்தைக் கூட்டினா அது எப்படி எடுக்கும் சொல்லுங்க, பல்லு இல்லாத கிழவிக்கு முறுக்கு குடுத்த கதைதான்.

வேப்பம் புண்ணாக்கு கொடிக்கு 1 கிலோ, நல்லா மக்கின தொழுவுரம் 10 கிலோ, அதோட பொக்கோனியாங்கிற உயிர்ப் பூஞ்சாணம் கிடைச்சா அதையும் சேத்துப் போடுங்க, அது நூற்புழு முட்டையைத் தின்னும். மண்ணு புளிப்பா இருந்தா ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் கொடிக்கு அரை கிலோ சுண்ணாம்பு, கோடை மழைக்கு. பழைய ஆளுங்க ஃபோரேட் குருணை போடச் சொல்வாங்க, அந்த மருந்து நாட்டுலயே தடை பண்ணியாச்சு, 2020 கடைசியோட முடிஞ்சது, எங்கயாவது பழைய பாக்கெட் இருந்தாலும் தொடாதீங்க. கொடிக்கு நடுவுல வாழை, தக்காளி, கத்திரி மாதிரி நூற்புழு விரும்புற பயிரையும் தள்ளி வைங்க.

ரெண்டாவது விஷயம் நாள்கணக்கு. கேரளாவுல ஜூன்னு சொல்றாங்கன்னா அவங்களுக்கு தென்மேற்குப் பருவமழை அப்ப தொடங்குது. கீழ்ப்பழனி மலையில உங்களுக்கு பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில தானே. ஜூன்ல ஊத்தின மருந்து அக்டோபர் மழைக்கு எங்க இருக்கும்? முதல் சுற்றை செப்டம்பர் கடைசியில, மழை தொடங்குற நேரத்துல வைங்க, ரெண்டாவதை நவம்பர் நடுவுல ஒரு வெயில் நாள் பாத்து வைங்க. கோடை மழை பலமா இருந்தா மட்டும் மே மாசத்துல ஒண்ணு. புத்தகத்துல இருக்குற மாசத்தைப் பாக்காதீங்க, உங்க ஊரு மழையைப் பாருங்க. தடியன்குடிசையில வேளாண் பல்கலைக்கழகத்தோட ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம்தான், வேரையும் மண்ணையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போய் காட்டுங்க, கண்ணால பாத்தா அவங்க சரியா சொல்வாங்க.

கேள்வி (பேச்சிப்பாறை): வீட்டுப் பின்னாடி நிழல்வலை போட்டு மிளகு நாத்து கவர்ல வளர்த்து விக்கிறேன். மழைக்காலத்துல பாதி கவர்ல தண்டு மண்ணை ஒட்டி கறுத்து அழுகி சாயுது. சிலதுல வெள்ளையா பஞ்சு மாதிரி படர்ந்து கடுகு மாதிரி உருண்டை இருக்கு. வாங்கினவங்க வந்து சண்டை போடுறாங்க, ரொம்ப சங்கடமா இருக்கு.

பதில்: அம்மா, உங்க கவர்ல ரெண்டு நோய் இருக்கு. கறுத்து அழுகுறது பைட்டோப்தோரா. வெள்ளைப் பஞ்சும் கடுகு உருண்டையும் ஸ்கிளிரோஷியம், அது வேற பூஞ்சாணம், ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் நர்சரியில ரொம்ப ஆடும். அந்த கடுகு உருண்டைதான் அதோட விதை, மண்ணுல வருஷக்கணக்கா கிடக்கும், அதனால அந்தக் கவரை மண்ணோட அப்படியே எடுத்து எரிச்சிடணும், கொட்டி திரும்ப அந்த மண்ணையே கவர்ல நிரப்பாதீங்க.

நாத்து விக்கிறவங்க மேல ஒரு பெரிய பொறுப்பு இருக்கு அம்மா, உங்க ஒரு கவர் போற தோட்டத்துக்கெல்லாம் இந்த நோயும் கூடப் போகும், நம்ம மலைகள்ல பல இடத்துக்கு இது இப்படித்தான் ஏறியிருக்கு. அதனால முதல்ல தாய்க்கொடி. நோய் இல்லாத, நல்லா காய்க்கிற கொடியைப் பாத்து, அதோட தூர்ல வர ஓடுகொடியை ஒரு முளைக்குச்சியில சுத்தி வைங்க, தரையில படவே விடாதீங்க, மண்ணு பட்டாதான் கிருமி ஏறும். பிப்ரவரி மார்ச்ல வெட்டி ரெண்டு மூணு கணு உள்ள துண்டா போடுங்க. கவர் மண்ணை கோடையில ஈரப்படுத்தி, மெல்லிசான கண்ணாடி பாலிதீன் ஷீட் போட்டு ஓரத்தை மண்ணால மூடி, ஏப்ரல் வெயில்ல ஒரு மாசம் விட்டா அந்தச் சூட்டுல நிறைய கிருமி செத்துடும். அதுக்கப்புறம் டிரைக்கோடெர்மா கலந்து நிரப்புங்க. கவருக்கு அடியில ஓட்டை நிறைய இருக்கணும், கவரை நேரா தரையில வைக்காம ஜல்லி மேல வைங்க, தண்ணி நிக்காது. நிழல்வலை ரொம்ப அடர்த்தியா இருந்தா மழைக்காலத்துல ஒரு அடுக்கை எடுத்துடுங்க. தண்ணியை மேல இருந்து பூவாளியில கொட்டாதீங்க. ஒரு நாத்து சாஞ்சா சுத்தி இருக்குற பத்து கவரையும் தனியா ஒதுக்குங்க, அந்தப் பத்தையும் அந்த சீசன்ல விக்காதீங்க. நஷ்டம்தான், ஆனா அடுத்த வருஷம் அதே ஆளு தேடி வருவாரு.

கேள்வி (வால்பாறை): செத்த இடத்துலயே மறுபடி மிளகு வைக்கலாமா? எந்த ரகம் வச்சா இந்த நோய் வராது?

பதில்: முழுசா வராத மிளகு ரகம்னு ஒண்ணு இன்னும் இல்லங்க, அப்படி யாராவது சொல்லி வித்தா வாங்காதீங்க. தாங்குற ரகம் இருக்கு. கோழிக்கோட்டுல இருக்குற இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட சக்தி, தேவம் ரெண்டும் பைட்டோப்தோராவைக் கொஞ்சம் தாங்கும். வேர் முடிச்சு நூற்புழு தொல்லைன்னா பௌர்ணமிங்கிற ரகம். பன்னியூர்-1 நல்லா காய்க்கும், 1971ல இருந்து நம்ம எல்லாரையும் வாழ வச்ச ரகம், ஆனா நிழல் அதிகமானா காய்ப்பு குறையும், இந்த நோய்க்கும் சீக்கிரம் மாட்டும். தோட்டம் முழுக்க ஒரே ரகம் வைக்காம ரெண்டு மூணு கலந்து வைங்க.

பிரேசில் பக்கத்துக் காட்டு மிளகு ஒண்ணு இருக்கு, பைப்பர் கொலுப்ரினம், அதை அடியில வச்சு நம்ம மிளகை மேல ஒட்டுக்கட்டி விக்கிறாங்க. அந்த வேருக்கு இந்த அழுகலும் நூற்புழுவும் ஒட்டாதுங்கிறது உண்மைதான். ஆனா அது சதுப்பு நிலத்துல பொறந்த செடி, கோடையில தண்ணி குடுக்க முடியலைன்னா காஞ்சுடும். ஓடைக்கரை, எப்பவும் ஈரமா இருக்குற பள்ளம், அங்க வைக்க ரொம்ப நல்லது. மேட்டு நிலத்துல பாசனம் இல்லாத இடத்துல வேண்டாம்.

செத்த இடத்துல உடனே வைக்காதீங்க. வேரை முழுசா எடுத்து எரிச்சிட்டு, குழியைத் திறந்து ஒரு கோடை வெயிலாவது காய விடுங்க, நான் ரெண்டு கோடை விடுவேன். அப்புறம் பழைய குழிக்குள்ள வைக்காம மரத்துக்கு வடக்குப் பக்கமா ஒரு அடி தள்ளி புதுசா ஒன்றரை அடி குழி எடுத்து, மேல்மண்ணோட தொழுவுரம் 5 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 1 கிலோ, டிரைக்கோடெர்மா 50 கிராம் கலந்து நிரப்புங்க. குழி தரைக்கு சமமா இருக்கக்கூடாது, மழையில மண்ணு இறங்கும், ஒரு சாண் மேடாவே நிரப்புங்க.

கேள்வி (கோவை): மொட்டை மாடியில தொட்டியில புதர் மிளகு ரெண்டு வச்சிருக்கேன். தினமும் தண்ணி ஊத்தியும் வாடுது, இலை மஞ்சளா கொட்டுது. இன்னும் தண்ணி கூட்டணுமா?

பதில்: அக்கா, குறைக்கணும். தினமும் ஊத்துறதுதான் வியாதி. இப்பவே தொட்டியைச் சாச்சு அடி ஓட்டையில குச்சி விட்டுப் பாருங்க, அடைச்சிருக்கும். செடியை மண்ணோட எடுத்து கறுத்த வேரை மட்டும் சுத்தமான கத்தியால வெட்டிட்டு, செம்மண், மணல், மக்கின உரம் மூணும் சமமா கலந்து புதுத் தொட்டியில அடியில ஓட்டாஞ்சில்லு போட்டு நடுங்க. டிரைக்கோடெர்மா ஒரு கைப்பிடி. தொட்டிக்குக் கீழ தட்டு வச்சிருந்தா எடுத்துடுங்க, அதுல நிக்கிற தண்ணி போதும் கிருமிக்கு. மேல்மண்ணுல விரலை ஒரு அங்குலம் விட்டுப் பாத்து காஞ்சிருந்தா மட்டும் தண்ணி, மதிய வெயில் நேரா படாத இடத்துல வைங்க. புதுத் துளிர் வர்ற வரைக்கும் எந்த உரமும் போடாதீங்க, ஒரு மாசம் கழிச்சு எப்படி இருக்குன்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க.